செயற்கைக்கோளை உடைக்கும் சோதனை இனி இல்லை என்று இந்தியா அறிவிக்க வேண்டுமா?

#1 வான்நோக்கி (கோவை)

2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஏவுகணை விட்டுச் செயற்கைக்கோளை உடைத்துப் பார்க்கும் சோதனைகளை இனி நடத்த மாட்டோம் என்று எல்லா நாடுகளும் உறுதி தர வேண்டும் என்பதுதான் தீர்மானத்தின் சாரம். 155 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா, சீனா உட்பட 9 நாடுகள் எதிர்த்தன. 9 நாடுகள் நடுநிலை வகித்தன. அந்த ஒன்பதில் இந்தியாவும் ஒன்று.

அந்த முடிவு தவறு என்பது என் கருத்து. அதைப் பேசத்தான் இந்த இழை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

இதுவரை நான்கு நாடுகள்தான் தங்கள் செயற்கைக்கோளைத் தாங்களே ஏவுகணையால் உடைத்துக் காட்டியிருக்கின்றன. அமெரிக்கா 1985-இல் எஃப்-15 விமானத்திலிருந்து ஏவுகணை விட்டு சோல்விண்ட் என்ற செயற்கைக்கோளை உடைத்தது. 2008-இல் போர்க்கப்பலிலிருந்து இன்னொன்றை உடைத்தது. சீனா 2007 ஜனவரி 11-இல் ஃபெங்யுன்-1சி என்ற வானிலைச் செயற்கைக்கோளை உடைத்தது. நாம் 2019 மார்ச் 27-இல் மைக்ரோசாட்-ஆர். ரஷ்யா 2021 நவம்பர் 15-இல் காஸ்மாஸ் 1408.

கடைசியாகச் சொன்னது என்னை மிகவும் பாதித்தது. காஸ்மாஸ் 1408 என்பது 1982-இல் ஏவப்பட்டு, எப்போதோ செயலிழந்துபோன சோவியத் உளவுச் செயற்கைக்கோள். சுமார் 480 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பன்னாட்டு விண்வெளி நிலையம் இருப்பதோ ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில். உடைந்ததும் 1,500-க்கும் மேற்பட்ட பெரிய துண்டுகள் சிதறின. நிலையத்தில் அன்று இருந்த ஏழு பேரும் தாங்கள் வந்த விண்கலங்களுக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த ஏழு பேரில் இருவர் ரஷ்யர்கள். சொந்த நாட்டு ராணுவம் சிதறவிட்ட துண்டுகளுக்குப் பயந்து அவர்கள் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. இதைக் காட்டிலும் பொறுப்பில்லாத ஒரு சோதனையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நம்மிடம் திறமை இருக்கிறது என்று 2019-இலேயே காட்டியாகிவிட்டது. இன்னொரு முறை உடைத்துக் காட்டுவதால் நமக்கு ஒரு லாபமும் இல்லை. அப்படியிருக்க, இனி செய்ய மாட்டோம் என்று சொல்வதில் என்ன தயக்கம்?

#2 சேலத்துக்காரன்

தயக்கத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது நண்பரே. அதன் பெயர் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம்.

1967 ஜனவரி 1-க்கு முன்னால் அணுகுண்டு வெடித்த நாடுகள் மட்டுமே அணு ஆயுத நாடுகள் என்று அந்த ஒப்பந்தம் கோடு போட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஐந்து நாடுகள். நாம் 1974 மே மாதம் பொக்ரானில் சோதித்தோம். தாமதமாக வந்தோம் என்பதற்காகப் பல பத்தாண்டுகள் தொழில்நுட்பத் தடைகளைச் சுமந்தோம். தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு எரிபொருள் கிடைக்கத் திண்டாடியது, ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த எரிபொருளில் ஓடும்) எஞ்சின் தொழில்நுட்பம் நம் கைக்கு வராமல் நின்றது, எல்லாம் ஒரே மனப்பான்மையிலிருந்து வந்தவை.

விண்வெளியிலும் அதே கோட்டைப் போடுவார்கள், அதற்கு முன் நம் பெயர் உள்ளே இருக்க வேண்டும் என்பது 2019 சோதனைக்குப் பின்னால் இருந்த கணக்குகளில் ஒன்று. அந்தக் கணக்கில் எனக்கு முழு உடன்பாடு உண்டு.

இப்போது கேட்கப்படுவது என்ன? அமெரிக்கா 2022 ஏப்ரல் 18-இல் தானாக முன்வந்து சோதனை செய்ய மாட்டோம் என்றது. துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ் வாண்டன்பர்க் தளத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் அமெரிக்கா இருமுறை செயற்கைக்கோளை உடைத்துவிட்டது. 2008-இல் உடைக்கப் பயன்பட்ட எஸ்எம்-3 வகை ஏவுகணைகள் அவர்கள் கடற்படையில் ஏராளமாக இருக்கின்றன. அவர்கள் சோதனையை நிறுத்தினால் இழப்பது ஒன்றுமில்லை. பின்தொடர்ந்து உறுதி தந்த கனடா, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகள் இந்தச் சோதனையைச் செய்ததே இல்லை. நம் எல்லைக்கு அப்பால் நிற்கும் சீனா எதிர்த்து வாக்களித்திருக்கிறது. நாம் மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்?

ஐ.நா.வில் இந்தியாவின் நிலைப்பாடு பல ஆண்டுகளாக ஒன்றுதான். சட்டப்படி எல்லோரையும் கட்டுப்படுத்தும், சரிபார்க்கக்கூடிய ஒப்பந்தம் வேண்டும். வாய்மொழி உறுதிகள் அதற்கு மாற்றாகாது. இதில் என்ன தவறு?

#3 இயற்பியல் மாணவி

ஒரு சந்தேகம். மிஷன் சக்தி என்ற நம் 2019 சோதனை நடந்தபோது 45 நாளில் எல்லாத் துண்டுகளும் எரிந்து விழுந்துவிடும் என்று ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் அப்போதைய தலைவர் சதீஷ் ரெட்டி சொன்னார். ஆனால் சில துண்டுகள் ஆண்டுக்கணக்கில் சுற்றியதாகப் படித்தேன். தாழ்வான உயரத்தில்தானே உடைத்தார்கள்? பிறகு எப்படி?

#4 தடம் (பெங்களூரு)

நல்ல கேள்வி தங்கச்சி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தின் அடிப்படையே இதில்தான் இருக்கிறது.

மைக்ரோசாட்-ஆர் ஏறத்தாழ 280 கி.மீ. உயரத்தில் இருந்தது. எடை 740 கிலோ. அதே ஆண்டு ஜனவரியில்தான் பிஎஸ்எல்வி-சி44 ராக்கெட் அதைக் கொண்டுபோய் விட்டது. ஒடிசா கடலோரத்தில் உள்ள அப்துல் கலாம் தீவிலிருந்து கிளம்பிய ஏவுகணை அதை நேருக்கு நேர் மோதியது. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிய வேகம் நொடிக்குச் சுமார் 10 கி.மீ. வெடிமருந்தே தேவையில்லை, அந்த வேகமே போதும்.

அவ்வளவு வேகத்தில் மோதும்போது துண்டுகள் எல்லாத் திசையிலும் உதைத்துத் தள்ளப்படும். பின்னோக்கித் தள்ளப்பட்டவை வேகம் இழந்து உடனே காற்றுமண்டலத்தில் விழுந்து எரியும். முன்னோக்கித் தள்ளப்பட்டவை கூடுதல் வேகம் பெற்று நீள்வட்டப் பாதையில் உயரப் போகும். அப்படித்தான் சில துண்டுகள் விண்வெளி நிலையத்தையும் தாண்டி மேலே போயின. நாசா அப்போது பின்தொடர்ந்த 60 துண்டுகளில் 24 விண்வெளி நிலையத்தின் உயரத்தைத் தாண்டிப் போனதாக அதன் தலைவர் பிரைடன்ஸ்டைன் சொன்னார், கடுமையாகக் கண்டிக்கவும் செய்தார்.

ஆனால் ஒரு விஷயம் நமக்குச் சாதகமாக இருந்தது. எவ்வளவு உயரப் போனாலும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துண்டு தான் உடைந்த உயரத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். 280 கி.மீ.யில் மெல்லிய காற்று இருக்கிறது. ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் கொஞ்சம் வேகத்தை அது பிடுங்கிக்கொள்ளும். அதனால் பெரும்பாலானவை வாரங்களிலும் மாதங்களிலும் விழுந்தன. பட்டியலில் இருந்தவற்றில் கடைசித் துண்டு 2022-இல் விழுந்தது. 45 நாள் என்ற கணக்கு பெரும்பான்மைக்குப் பொருந்தியது, எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை.

அமெரிக்கா 1985-இல் உடைத்தது 500 கி.மீ.க்குச் சற்று மேலே. அதன் கடைசித் துண்டு விழ 2004 ஆனது. சீனா உடைத்தது 865 கி.மீ.யில். அங்கே காற்று இல்லாததற்குச் சமம். பின்தொடரக்கூடிய துண்டுகள் மட்டும் 3,000-க்கு மேல். பெரும்பகுதி இன்றும் மேலே சுற்றுகிறது, இந்த நூற்றாண்டு முழுக்கச் சுற்றும்.

இது எனக்கு நேரடியாக உறைக்கும் விஷயம். நம் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரம் 817 கி.மீ. எந்த மாவட்டத்தில் எவ்வளவு பரப்பில் பயிர் நிற்கிறது, எங்கே வறட்சி என்றெல்லாம் கணக்கிட அந்தப் படங்களைத்தான் பயன்படுத்துகிறோம். நான் அந்தப் படங்களோடு வேலை செய்பவன். ஃபெங்யுன் துண்டுகள் அந்த உயரத்தை ஊடுருவித்தான் போகின்றன. மோதலைத் தவிர்க்க இஸ்ரோ தன் செயற்கைக்கோள்களை 2022-இல் 21 முறையும் 2023-இல் 23 முறையும் நகர்த்தியது. எல்லாமே ஃபெங்யுன் துண்டுகளுக்காக அல்ல, பலவகைக் குப்பைகளும் பிற செயற்கைக்கோள்களும் காரணம். ஆனால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எரிபொருள் செலவாகிறது. எரிபொருள் தீர்ந்தால் செயற்கைக்கோளின் ஆயுள் முடிந்தது.

சேலத்துக்காரன் அண்ணா, சீனாவைக் காரணம் காட்டினீர்கள். சீனா செய்த சோதனையால் நேரடியாகப் பாதிக்கப்படுவது நாம். அப்படியென்றால் இத்தகைய சோதனையைத் தடை செய்வதில் மற்ற யாரையும்விட நமக்குத்தானே அக்கறை கூடுதலாக இருக்க வேண்டும்?

#5 பழைய வானொலி

தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் எல்லோரும் ஏவுகணையைப் பற்றியே பேசுகிறீர்கள். போர் வந்தால் முதலில் வருவது ஏவுகணை இல்லை, தம்பிகளா.

2022 பிப்ரவரி 24 அதிகாலை. ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த அதே வேளையில் வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் இணையச் சேவை படுத்துவிட்டது. செயற்கைக்கோளை யாரும் தொடவில்லை. தரையில் உள்ள மேலாண்மைக் கட்டமைப்புக்குள் புகுந்து, வாடிக்கையாளர்களின் மோடம்களுக்கு அழிப்பு நிரலை அனுப்பினார்கள். பல்லாயிரக்கணக்கான மோடம்கள் ஒரேயடியாகச் செத்தன. ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. ஜெர்மனி அந்தப் போரில் இல்லவே இல்லை! சில வாரங்கள் கழித்து ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவைக் குற்றம் சாட்டின.

அடுத்தது ஜிபிஎஸ். அந்தச் செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் தரைக்கு வரும்போது மிக மிக மெலிந்துபோயிருக்கும். கோயில் திருவிழா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் காதில் கிசுகிசுத்தால் எப்படிக் கேட்கும்? அதே அலைவரிசையில் கொஞ்சம் வலுவான இரைச்சலைப் பரப்பினால் ஜிபிஎஸ் கருவி செவிடாகிவிடும். இது ஜாமிங். இதைவிட மோசமானது ஸ்பூஃபிங், அதாவது போலி சிக்னல். கருவி நன்றாக வேலை செய்வதாகவே காட்டும், ஆனால் நீங்கள் இல்லாத இடத்தில் உங்களைக் காட்டும்.

பால்டிக் கடலோர நாடுகளில் இது அன்றாடத் தொல்லை. ஜிபிஎஸ் குழப்பத்தால் 2024-இல் ஃபின்ஏர் நிறுவனம் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்குப் போகும் விமானங்களை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. நம் நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், 465 நிகழ்வுகள் பதிவானதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. 2025 நவம்பரில் டெல்லி விமான நிலையத்தை ஒட்டியே போலி சிக்னல் வந்தது. சென்னை உட்பட வேறு நகரங்களிலிருந்தும் புகார்கள் வந்திருப்பதாகப் பிறகு தெரிவித்தார்கள்.

ஏவுகணை விட்டால் எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்று உலகமே பார்த்துவிடும். இவற்றில் யார் செய்தார்கள் என்று நிரூபிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு நாளும் நடக்கிறது. என் கவலையெல்லாம் இதில்தான்.

#6 நெய்தல் கரை (குமரி மாவட்டம்)

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் கரையில் ஜிபிஎஸ் இல்லாமல் ஆழ்கடலுக்கு யாரும் போவதில்லை. மீன் கிடைக்கும் இடங்களைக் குறித்து வைத்திருப்பதும் அதில்தான், திரும்பும் வழியும் அதில்தான். பாக் நீரிணைப் பக்கம் தொழில் செய்பவர்களுக்கு எல்லைக்கோடு எங்கே என்று காட்டுவதும் அதே கருவிதான். கருவி இரண்டு கடல்மைல் தவறாகக் காட்டினால் ஒரு குடும்பத்தின் படகும் ஆளும் சிறையில் இருப்பார்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கைபேசி சிக்னல் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தோடு நின்றுவிடும். எத்தனை வீடுகள் ஆளை இழந்தன என்று எங்கள் ஊர்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையைப் படகுக்கே அனுப்பும் கருவிகள் வந்தன. 2019-இல் ஜெமினி என்ற கருவியை அறிமுகப்படுத்தினார்கள். ஜிபிஎஸ் துல்லியத்தைக் கூட்டும் நம் ககன் அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியாகச் செய்தி வரும்.

விண்வெளி ஆயுதம் என்றால் ராணுவ விஷயம், நமக்கென்ன என்று இங்கே பலரும் நினைக்கிறார்கள். அந்தச் செயற்கைக்கோளை யாராவது முடக்கினால் முதலில் மாட்டுவது நடுக்கடலில் நிற்கிற எங்கள் ஆட்கள்தான்.

#7 சேலத்துக்காரன்

நெய்தல் கரை சொன்னதை யாராலும் மறுக்க முடியாது. ஆனால் என் முடிவுக்குத்தான் அது வலு சேர்க்கிறது. நம் செயற்கைக்கோளைத் தொட்டால் உன்னுடையதையும் தொடுவோம் என்ற பயம் எதிரிக்கு இருக்க வேண்டும். அந்தப் பயத்தை உருவாக்குவது ஆயுதம்தான், தீர்மானம் இல்லை. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நேரத்தில் குறைந்தது பத்துச் செயற்கைக்கோள்கள் நாட்டின் பாதுகாப்புக்காக இரவு பகலாக வேலை செய்வதாக இஸ்ரோ தலைவர் நாராயணன் சொன்னார். அந்தப் பத்தையும் காப்பது எப்படி?

#8 வான்நோக்கி

காப்பது எப்படி என்பதுதான் சரியான கேள்வி. ஆனால் ஏவுகணையால் அவற்றைக் காக்க முடியாது. ஒருவன் நம் சிக்னலை ஜாம் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பதிலுக்கு அவன் செயற்கைக்கோளை 600 கி.மீ. உயரத்தில் உடைப்போமா? உடைத்தால் அதே உயரத்தில் சுற்றும் நம் கார்ட்டோசாட் வகைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் ஆபத்து. நம்மிடம் சில பத்துச் செயற்கைக்கோள்கள், சீனாவிடம் பல நூறு. ஒன்றுக்கு ஒன்று என்று உடைத்துக்கொண்டே போனால் முதலில் வெறுங்கையோடு நிற்பது நாம்தான்.

2024 அக்டோபரில் மத்திய அரசு 52 கண்காணிப்புச் செயற்கைக்கோள்கள் கொண்ட திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. என் பார்வையில் அதுதான் உண்மையான பாதுகாப்பு. ஒன்றைத் தொட்டாலும் மற்றவை வேலையைத் தொடரும். எதிரிக்கு அடிப்பதில் பயன் இல்லாமல் போகும்.

#9 வடமராட்சி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துக்காரன், இப்போது கனடாவில் இருக்கிறேன். சற்றுப் பிந்தி வந்தாலும் எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன். ஏவுகணையும் ஜாமிங்கும் கதைத்தீர்கள். இவை இரண்டையும் தாண்டிய ஒன்று உண்டு. விண்வெளியில் அணுகுண்டு.

1962 ஜூலை 9-ம் திகதி அமெரிக்கா பசிபிக்கில் உள்ள ஜான்ஸ்டன் தீவிலிருந்து ஒரு ஏவுகணையில் 1.4 மெகாடன் அணுகுண்டை அனுப்பி, 400 கி.மீ. உயரத்தில் வெடிக்க வைத்தது. ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்று பெயர். ஏறத்தாழ 1,450 கி.மீ. தள்ளியிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. அது உடனடி விளைவு. கூடப் பயங்கரமானது பிறகு வந்தது. வெடிப்பில் வெளியான எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்டு செயற்கையான ஒரு கதிர்வீச்சுப் பட்டையாகச் சுற்றத் தொடங்கின. பிரிட்டனின் முதல் செய்மதியான ஏரியல்-1 சேதமடைந்தது. வெடிப்புக்கு அடுத்த நாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார், அட்லாண்டிக்கைக் கடந்து நேரடித் தொலைக்காட்சிப் படம் அனுப்பிய முதல் செய்மதி, அந்தக் கதிர்வீச்சில் சிக்கிச் சில மாதங்களில் பழுதானது. அன்று மேலே இருந்தவை மிகச் சில. இன்று ஸ்டார்லிங்க் மட்டுமே பல ஆயிரம்.

இது பழைய கதை என்று விட முடியவில்லை. 2024 பிப்ரவரியில் ரஷ்யா செய்மதிகளை அழிக்கும் ஆயுதம் ஒன்றை உருவாக்குவதாக வெள்ளை மாளிகை உறுதிப்படுத்தியது. அது அணு ஆயுதத்தோடு தொடர்புடையது என்று பிறகு அமெரிக்க அதிகாரிகள் வெளிப்படையாகவே சொன்னார்கள். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட காஸ்மாஸ் 2553 என்ற செய்மதி சுமார் 2,000 கி.மீ. உயரத்தில், கதிர்வீச்சு மிகுந்த ஒரு பகுதியில் சுற்றுகிறது. அதில் குண்டு இருப்பதாக எவரும் சொல்லவில்லை, ஆனால் இந்த ஆயுதத் திட்டத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பது அமெரிக்காவின் குற்றச்சாட்டு. கருவிகளைச் சோதிக்கிறோம் என்கிறது ரஷ்யா. 2024 ஏப்ரல் 24-இல் அமெரிக்காவும் ஜப்பானும் பாதுகாப்புச் சபைக்கு ஒரு தீர்மானம் கொண்டுவந்தன. விண்வெளியில் அணு ஆயுதம் வைக்கக் கூடாது என்ற 1967-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை மீண்டும் உறுதிசெய்யச் சொன்ன தீர்மானம் அது. 13 நாடுகள் ஆதரவு, சீனா நடுநிலை. ரஷ்யா வீட்டோ போட்டது. ஏற்கெனவே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மறுபடி உறுதிசெய்யக்கூட மறுத்தார்கள்.

அண்ணன் சேலத்துக்காரன் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் முதலில் வரட்டும் என்கிறார். ஸ்டார்ஃபிஷுக்குப் பிறகு நடந்ததைப் பார்ப்போம். 1963 ஜூன் 10-இல் கென்னடி ஓர் உரையில், மற்ற நாடுகள் செய்யாதவரை அமெரிக்கா காற்றுமண்டலத்தில் அணுச் சோதனை செய்யாது என்று ஒருதலையாக அறிவித்தார். எந்த ஒப்பந்தமும் அப்போது இல்லை. ஆகஸ்ட் 5-இல் மொஸ்கோவில் காற்றிலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுச் சோதனையைத் தடை செய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு மாதம் ஆகவில்லை. ஆகஸ்ட் 8-இல் இந்தியா கையெழுத்திட்டது. 1954-இலேயே அணுச் சோதனைகளை நிறுத்தி வைக்கச் சொன்னவர் நேரு என்பதை இங்கே எல்லோரும் அறிவார்கள்.

சீனாவும் பிரான்ஸும் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. சீனா 1980 வரை காற்றில் வெடித்தது. ஆனாலும் ஒப்பந்தம் நின்றது. ஒருவர் வரவில்லை என்பதற்காக மற்றவர்கள் காத்திருக்கவில்லை.

இலங்கையும் எகிப்தும் விண்வெளியில் ஆயுதப் போட்டியைத் தடுக்கக் கோரும் தீர்மானத்தைப் பல ஆண்டுகளாக ஐ.நா.வில் முன்வைத்து வருகின்றன. இந்தியா அதை ஆதரித்தும் வருகிறது. சின்ன நாடு சொல்லுவதை விட, செய்து காட்டிய நாடு நிறுத்துகிறேன் என்று சொன்னால் அதன் எடை வேறு.

#10 சேலத்துக்காரன்

வடமராட்சி, கென்னடி உதாரணம் நல்லது, நன்றி. ஆனால் அந்த உரையை நிகழ்த்தும்போது அமெரிக்கா இருநூறுக்கும் மேற்பட்ட குண்டுகளை வெட்டவெளியில் வெடித்து முடித்திருந்தது. தேவையான தரவு கையில் இருந்தது. நாம் ஒரே ஒரு முறை, அதுவும் 280 கி.மீ.யில். 800 கி.மீ.யில் இருக்கும் இலக்கை அடிக்க முடியுமா என்பதை இன்னும் காட்டவில்லை.

இன்னொன்று. ஏவுகணைச் சோதனையை மட்டும் தடுக்கும் அறிவிப்பு, பக்கத்தில் போய் நிற்கும் செயற்கைக்கோளைத் தடுக்காது. 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியான்-21 என்ன செய்தது? செயலிழந்த ஒரு பெய்டோ (சீனாவின் ஜிபிஎஸ் போன்றது) செயற்கைக்கோளைப் பிடித்து, சுமார் 36,000 கி.மீ. உயரத்திலுள்ள புவிநிலைப் பாதையிலிருந்து மேலே இழுத்துப்போய் விட்டுவந்தது. குப்பை அகற்றும் சோதனை என்றார்கள். அதே பிடியில் நம் கடற்படையின் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் ஜிசாட்-7 மாட்டினால்?

#11 தடம்

ஷிஜியான் பற்றிய கவலை எனக்கும் உண்டு. ரஷ்யாவின் லூச் என்ற செயற்கைக்கோள் 2015-இல் இன்டெல்சாட் நிறுவனத்தின் இரண்டு தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களுக்கு நடுவில் போய் நின்றது. பிரான்ஸ்-இத்தாலி ராணுவச் செயற்கைக்கோள் ஒன்றை அது நெருங்கி ஒட்டுக்கேட்க முயன்றதாக 2018-இல் பிரெஞ்சு பாதுகாப்பு அமைச்சர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். பக்கத்தில் வருவதே குற்றமா, எவ்வளவு தூரம் வரை வரலாம் என்பதற்கு இன்று விதியே இல்லை. அதற்கு வேண்டியது நம் செயற்கைக்கோளைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்க்கும் கண். இஸ்ரோவின் நேத்ரா திட்டம் அதற்குத்தான். அங்கே பணத்தைக் கொட்டினால் நான் மகிழ்வேன். 36,000 கி.மீ.யில் வந்து நிற்கும் ஒன்றுக்கு நம் ஏவுகணை எட்டவே எட்டாது. எட்டினாலும் அங்கே உடைந்த துண்டு ஒருபோதும் கீழே வராது.

உயரத்தைக் காட்டவில்லை என்றீர்கள். அதற்கு உடைக்கத் தேவையில்லை அண்ணா. சீனா 2007-க்குப் பிறகு ஒரு செயற்கைக்கோளையும் உடைக்கவில்லை. ஆனால் சோதனையை நிறுத்தவும் இல்லை. பாய்ந்து வரும் ஏவுகணையை இலக்காக வைத்தும், பொருளே இல்லாத புள்ளியைக் குறிவைத்தும் செய்கிறார்கள். 2013 மே மாதம் ஒரு ராக்கெட்டை ஏறத்தாழ புவிநிலைப் பாதைக்கு அருகில்வரை அனுப்பினார்கள், அறிவியல் ஆய்வு என்ற பெயரில். நம் ஏவுகணைத் தடுப்புத் திட்டமும் அதே வழியில் போகிறது. இரண்டாம் கட்டத் தடுப்பு ஏவுகணையை 2022 நவம்பரிலும் 2024 ஜூலையிலும் சோதித்தார்கள், ஒரு செயற்கைக்கோளையும் உடைக்காமல். 155 நாடுகள் ஆதரித்த தீர்மானம் இவை எதையும் தடுக்கவில்லை. உடைப்பதை மட்டுமே நிறுத்தச் சொல்கிறது.

சரிபார்க்க முடியுமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. செயற்கைக்கோளை உடைத்துவிட்டு யாராலும் மறைக்க முடியாது. காஸ்மாஸ் 1408 உடைந்ததைத் தனியார் ரேடார் நிறுவனம்கூடக் கண்டுபிடித்து வெளியிட்டது. ஆயுதங்கள் தொடர்பான எந்த வாக்குறுதியிலும் இவ்வளவு எளிதாகப் பொய்யைப் பிடிக்க முடியாது.

#12 பழைய வானொலி

தடம் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அந்த அறிவிப்போடு விஷயம் முடிந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜாமிங், ஹேக்கிங் இரண்டுக்கும் ஐ.நா.வில் எந்தத் தீர்மானமும் உதவப்போவதில்லை. தரைநிலையங்களின் கடவுச்சொல்லிலிருந்து மோடம் வரைக்கும் நாமே பூட்ட வேண்டும். விமான நிலையங்களில் ஜிபிஎஸ் வந்துவிட்டது என்று பழைய தரைவழிச் சாதனங்களைக் கழற்றிப் போடக் கூடாது. டெல்லியில் சிக்கல் வந்தபோது விமானங்களைப் பாதுகாப்பாக இறக்கியது அவைதான்.

#13 வான்நோக்கி

சேலத்துக்காரன், உங்கள் கவலையைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. அதனால் நான் கேட்பதை இன்னும் தெளிவாகச் சொல்கிறேன். கென்னடி சொன்ன அதே வடிவம். "மற்ற நாடுகள் செய்யாதவரை, செயற்கைக்கோளை உடைக்கும் ஏவுகணைச் சோதனையை இந்தியா நடத்தாது." சீனா நாளை ஒன்றை உடைத்தால் நம்மைக் கட்டிப்போட எதுவும் இல்லை. ஆயுதத்தை அழிக்கச் சொல்லவில்லை. தடுப்பு ஏவுகணைச் சோதனைகள் தொடரட்டும். 1967-இல் போட்டதைப் போல ஒரு கோடு விண்வெளியிலும் வருமென்றால், இந்த முறை நாம் உள்ளே இருக்கிறோம். கோட்டை எங்கே போடுவது என்று பேசும் மேசையில் உட்கார வேண்டிய நாடு நடுநிலை வகிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இஸ்ரோ 2030-க்குள் குப்பை இல்லாத விண்வெளிப் பயணங்கள் என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு ராக்கெட்டின் கடைசி அடுக்கைக்கூட மேலே விட்டுவைக்க மாட்டோம் என்கிற நாடு, வேண்டுமென்றே உடைக்க மாட்டோம் என்று சொல்வதற்கு என்ன தடை?

#14 சேலத்துக்காரன்

"மற்ற நாடுகள் செய்யாதவரை" என்ற வரி இருந்தால் எனக்குப் பெரிய எதிர்ப்பு இல்லை. அந்த வரி இல்லாத அறிவிப்பை ஏற்க மாட்டேன். சீனாவிடமிருந்தும் ஏதாவது ஒன்றைப் பெற்றுக்கொண்டுதான் அறிவிக்க வேண்டும் என்பதில் மட்டும் இன்னும் உறுதியாக இருக்கிறேன். சும்மா கொடுப்பதற்கு மதிப்பு இருக்காது.

#15 இயற்பியல் மாணவி

தடம் அண்ணா, இன்னொரு கேள்வி. பின்தொடர முடிகிற துண்டு என்றால் எவ்வளவு பெரியது? அதைவிடச் சின்னவற்றை என்ன செய்கிறார்கள்?

#16 தடம்

தாழ்வான பாதைகளில் சுமார் 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் ரேடாரில் பிடித்துப் பட்டியலில் சேர்ப்பார்கள். அப்படிப் பட்டியலில் இருப்பவை முப்பதாயிரத்துக்கும் மேல். 1 செ.மீ.க்கு மேற்பட்டவை பத்து லட்சத்தைத் தாண்டும் என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீடு. அவற்றில் பெரும்பாலானவை எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. மில்லிமீட்டர் அளவில் இருப்பவற்றைத் தாங்க விண்வெளி நிலையத்தில் கவசம் உண்டு. 10 செ.மீ.க்கு மேற்பட்டதைப் பார்த்து விலகலாம். நடுவில் இருக்கும் 1 முதல் 10 செ.மீ. வரையுள்ளவற்றைப் பார்க்கவும் முடியாது, தாங்கவும் முடியாது. ஒரு செயற்கைக்கோளை உடைக்கும்போது பட்டியலில் ஏறும் துண்டுகளைவிட இந்த வகைதான் பல மடங்கு அதிகம் உண்டாகிறது.